லிப்ட்காரரின் எட்டுக் கம்பிகள்

லிப்ட்காரருக்குக் கை வேர்க்கும். சாதாரண வேர்வை இல்லை அது. அவர் பையில் கிடக்கும் சாவிகள் பச்சை பிடிக்கும். கைக்கடிகாரத்தின் பின்மூடி அரித்துப் போகும். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில், லிப்டுகளைப் பழுதுபார்க்க முப்பது வருடமாக ஸ்பேனர் பிடித்த கை. ஸ்பேனர்கள் எண்ணெயில் குளித்துக் கிடந்ததால் தப்பித்தன. அவருடைய மாண்டலினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாண்டலினில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. தடித்த இரண்டு ஜோடியின் மேல் வெண்கலம் சுற்றியிருக்கும். மெல்லிய இரண்டு ஜோடியும் வெறும் எஃகு. மற்றவர்களிடம் மூன்று மாதம் உழைக்கிற கம்பி இவர் கையில் பத்து நாள் தாண்டாது. நாலாம் நாள் பளபளப்பு போகும், ஐந்தாம் நாள் ஓசை மொண்ணையாகும், ஏழாம் நாள் விரல் நுனியில் துருக்கோடு விழும். இதையெல்லாம் அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். மோட்டார் அறையில் ஒவ்வொரு லிப்டுக்கும் ஒரு பதிவேடு தொங்கும் அல்லவா, அதே கட்டம், அதே கோடு: கம்பி மாட்டிய தேதி, வகை, நிலை, கையொப்பம். ஆமாம், கையொப்பமும்தான். சொந்த வீட்டில், சொந்த வாத்தியத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்கிற மனிதரை என்னவென்று சொல்வது?

"சீல் ஒண்ணுதான் பாக்கி. அதையும் செஞ்சு வாங்கிடுங்க" என்பாள் மனைவி. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும். அவர் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்.

மாண்டலின் வாசிக்க அவருக்கு ஒரு குழுவும் இருந்தது. ஞாயிறு மாலைகளில் ஐந்து பேர் பல் டாக்டர் அம்மாவின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கூடுவார்கள். டாக்டர் அம்மா வயலின். குழுவுக்கு அவர்தான் தலைவி, அவர் வைத்ததுதான் சட்டம். சொத்தைப் பல் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து வாசித்து வாசித்து, வருடத்துக்கு ஒருமுறை நூலகத்துக் கூடத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்துவார்கள். எண்பது நாற்காலி போடுவார்கள், அறுபது நிறையும்.

சென்ற வருட நிகழ்ச்சியில் லிப்ட்காரருக்கு முதல்முறையாகத் தனியாக வாசிக்க எட்டு நிமிடம் கொடுத்தார்கள். தானே கட்டிய மெட்டு ஒன்றை வாசித்தார். மூன்றாவது வரிசையில் மனைவி. நாலாவது நிமிடத்தில், மெட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில், மெல்லிய கம்பி ஒன்று டக்கென்று அறுந்து அவர் கன்னத்தில் அடித்தது. யாரோ சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தபோது மூன்றாவது வரிசை நாற்காலி காலி. மனைவி எழுந்து வெளியே போயிருந்தாள்.

"உங்க மூஞ்சிய அப்படிப் பாக்க முடியல. அதான் போயிட்டேன்" என்றாள் பிறகு. "இனிமே நான் உள்ள உக்கார மாட்டேன். வேணும்னா கதவுகிட்ட நின்னு கேக்கிறேன்."

மாண்டலின் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. பத்து மாதம் அங்கேயே கிடந்தது. வீட்டில் ரேடியோ பாடினால் எழுந்துபோய் வேறு வேலை பார்த்தார். அவருக்கு வலித்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அம்மாவே போன் செய்தார். "என்ன லிப்ட்காரரே, கோவம் தீந்துச்சா? இந்த வருஷமும் உங்களுக்கு அதே எட்டு நிமிஷம் வச்சிருக்கேன். ஆனா கம்பி விஷயத்தை மட்டும் பாத்துக்குங்க. மறுபடி அறுந்துச்சுன்னா நானே உங்களைப் பின்வரிசையில உக்கார வச்சிடுவேன்."

பின்வரிசையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அந்த மெட்டை ஒரு தடவையாவது முழுசாக, மனைவி உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, வாசித்து முடிக்க வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மறுநாளே இசைக் கருவிக் கடையில் போய் நின்றார். கடைக்காரருக்கு இவரைத் தெரியும். கேட்காமலேயே இரண்டு பொட்டலத்தை எடுத்துப் போட்டார்.

"அண்ணே, இது வெண்கலம். சத்தம் மணி மாதிரி இருக்கும். ஆனா உங்க கைக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும். இது மேல பூச்சு போட்டது. வேர்வை உள்ள இறங்காது. மாசக்கணக்குல வரும்."

"சத்தம்?"

கடைக்காரர் உண்மை பேசுகிறவர். "மழைக்கோட்டு போட்டுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கும்."

மணியா, மழைக்கோட்டா? லிப்ட்காரர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். வேறு ஆளாக இருந்தால் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருப்பார். இவரோ இரண்டையும் வாங்கினார். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கம்பி வெண்கலப் பொட்டலத்திலிருந்தும் ஒரு கம்பி பூச்சுப் பொட்டலத்திலிருந்தும் மாட்டினார். ஒரே விரல், ஒரே வேர்வை, ஒரே நாள். இதைவிட நியாயமான சோதனை இருக்க முடியாது என்பது அவர் கட்சி. லிப்டில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும். ஒரு லிப்டைத் தாங்கும் ஆறு கம்பிக் கயிறும் ஒரே உருளையிலிருந்து வந்திருக்க வேண்டும், மாற்றினால் ஆறையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அதனால் சோதனை நடந்த நாளெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி. மேலதிகாரி யாரும் மாண்டலினைச் சோதிக்க வரமாட்டார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

தினமும் மாலை ஒரு மணி நேரம் வாசித்தார். வாசித்து முடித்ததும் பெட்டியில் வைத்து மூடினார். மறுநாள் மாலை திறந்து பூதக்கண்ணாடியால் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டார்.

ஆறாம் நாள்: வெண்கலம், பளபளப்பு உண்டு. பத்தாம் நாள்: வெண்கலம், பளபளப்பு உண்டு. பதினைந்தாம் நாள் அவருக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்தது.

"ஏம்மா, இங்க வந்து பாரேன். இது மங்கியிருக்கா?"

மனைவி மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு."

"எப்படி?"

"எப்படின்னா? நல்லாருக்குன்னா நல்லாருக்கு. இதுக்கும் எப்படியா?"

இருபத்து நாலாம் நாளும் வெண்கலம் மணியாகவே ஒலித்தது. லிப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கம்பி செய்கிறவர்கள் ஏதோ உலோகக் கலவையை மாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். குறிப்பேட்டில் கொட்டை எழுத்தில் எழுதினார்: வெண்கலமே சிறந்தது. ஓசை, உழைப்பு இரண்டிலும். கீழே ஒரு கையொப்பம், அதன் கீழே இரண்டு கோடு.

நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சோதனைக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, எட்டும் வெண்கலப் பொட்டலமாகப் புதிதாக மாட்டினார். அன்றைக்குத்தான் மனைவி தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். தங்கை வேறு ஊருக்கு வீடு மாற்றுகிறாள், சாமான் கட்ட ஆள் வேண்டும்.

"நிகழ்ச்சிக்கு வந்திருவல்ல?"

"அன்னைக்கு மத்தியானம் பஸ். நேரா கூடத்துக்கே வந்துடறேன்."

"உள்ள உக்காருவியா?"

"கம்பி அறாதுன்னு எழுதிக் குடுங்க. கையெழுத்தும் போட்டுக் குடுங்க. உக்காருறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் மாலை பெட்டியைத் திறந்தவர் முகம் சுருங்கிற்று. வெண்கலத்தில் மங்கல். ஐந்தாம் நாள் தடித்த ஜோடி தகரம் போல ஒலித்தது. ஏழாம் நாள் மெல்லிய கம்பியைத் தடவினால் விரலில் பழுப்புக் கோடு. அதே கோடு, சென்ற வருடம் கன்னத்தில் அடித்த அதே துரு! நிகழ்ச்சிக்கு இன்னும் இரண்டே நாள். லிப்ட்காரர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரரை மனதுக்குள் திட்டினார், கம்பி செய்தவர்களைத் திட்டினார், கடைசியில் தன் கையைத் திட்டினார். பூச்சுக் கம்பியையே மாட்டி, மழைக்கோட்டோடு மானத்தைக் காப்பாற்றிக்கொள்வோமா என்று தோன்றியது. அழுகை வரும்போல இருந்தது.

அழாமல் குறிப்பேட்டை எடுத்தார். நின்றுபோன லிப்டின் முன்னால் போய் நிற்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை, நடுவில் என்ன மாறியது? புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவரே நூறு தடவை சொன்ன பாடம். கம்பி அதே வகை. பெட்டி அதே பெட்டி. வேர்வை அதே பாழாய்ப்போன வேர்வை. வாசிக்கிற நேரமும் அதே நேரம். பிறகு என்னதான் மாறியது?

வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். தேய்க்காத பாத்திரம் இருந்தது, மடிக்காத துணி இருந்தது. மனைவி இல்லை.

பெட்டியை மறுபடி திறந்தார். மூலையில் ஒரு நீலத் துணி சின்னதாக மடித்துக் கிடந்தது. வெகு நாளாக அங்கே கிடக்கிற துணிதான். கம்பிப் பொட்டலத்தோடு வந்தது என்று நினைத்திருந்தார். இப்போது விரித்துப் பார்த்தால், ஓரத்தில் மனைவி வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முத்திரை. நடுவில் கோடு கோடாகப் பழுப்புக் கறை, இரண்டிரண்டாக நான்கு ஜோடி.

போனை எடுத்தார்.

"நீ என் மாண்டலினைத் தொடைச்சியா?"

அந்தப் பக்கம் சாமான் கட்டும் சத்தம். "ஆமா. நீங்க வேலைக்குப் போனப்புறம் தினமும் காலையில தொடைப்பேன். ஏன், கூடாதா?"

"எத்தனை நாளா?"

"நீங்க மறுபடி எடுத்து வாசிக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து. கடையில தினம் பாக்கிறேனே, வேர்வை படிஞ்ச பிரேம் எல்லாம் பச்சை பிடிச்சுத்தான் வரும். தொடைச்சு வச்சா ஒண்ணும் ஆகாது. கண்ணாடிக்கு ஒரு நியாயம், கம்பிக்கு ஒரு நியாயமா?"

"அடிப்பாவி, என் டெஸ்ட்டையே கெடுத்துட்டியே!"

"நீங்க கம்பியைத்தானே டெஸ்ட் பண்ணீங்க? என்னையா பண்ணீங்க?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? கம்பிக் கயிறைத் தொடைக்கவே கூடாது, எண்ணெய்தான் அதுக்கு உயிருன்னு உக்கார வச்சு ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பீங்க."

எடுத்திருப்பார். அதை அவரால் மறுக்க முடியவில்லை. முப்பது வருடமாகக் கம்பிக் கயிறுகளைத் துடைக்காமல் காத்த மனிதர் அவர். துணியால் உலரத் துடைத்தால் கயிறு கெடும் என்று எழுத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தை அப்படியே மாண்டலினுக்கும் கொண்டுவந்து, வருடக்கணக்கில் கம்பிகளைத் துருவுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறார். போனைப் பிடித்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இவளைப் போய்க் கதவுகிட்ட நிற்கிறேன் என்று சொல்ல வைத்தோமே என்றும் இருந்தது.

"சிரிப்பு இருக்கட்டும்" என்றாள் மனைவி. "புதுக் கம்பி மாட்டி ஒழுங்கா தொடைச்சு வைங்க. எனக்குக் கட்டுற வேலை கிடக்கு."

அன்றைக்கே இன்னொரு வெண்கலப் பொட்டலம் வாங்கி மாட்டினார். புதுக் கம்பி முதல் இரண்டு நாள் நெகிழும், சுருதி நிற்காது. இழுத்துவிட்டு, சுருதி கூட்டி, வாசித்து, நீலத் துணியால் துடைத்து, மறுபடி இழுத்துவிட்டு, அந்த இரண்டு நாளும் அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

நிகழ்ச்சி அன்று மற்றவர்கள் வருமுன் கூடத்துக்குப் போனார். மூன்றாவது வரிசையில் அதே நாற்காலியில் குறிப்பேட்டைத் திறந்து வைத்தார். அன்றைய தேதி. வகை: வெண்கலம். நிலை: துடைத்தது, அறாது. கீழே கையொப்பம்.

டாக்டர் அம்மா அவர் பெயரைச் சொல்லி அழைக்கும்வரை அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் மேடையில் உட்கார்ந்து சுருதி பார்த்தார். நிமிர்ந்தபோது மனைவி கதவருகே நின்றிருந்தாள், பஸ் தூசியும் தோளில் பையுமாக. அவர் கண்ணாலேயே நாற்காலியைக் காட்டினார். அவள் மெதுவாக நடந்து வந்து, குறிப்பேட்டை எடுத்துப் படித்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வாசித்தார். நாலாவது நிமிடம் வந்தது. மெட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், மனைவி குறிப்பேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கம்பி மணி போல ஒலித்தபடி அந்த இடத்தைத் தாண்டிப் போனது. அதற்கப்புறம் நாலு நிமிடம் அவர் யாரையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது மூன்றாவது வரிசையில் ஆள் இருந்தது. கைதட்டக்கூட மறந்துபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் போன பிறகு மேடை ஓரத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மனைவியின் கை தன்னால் நீலத் துணியைத் தேடிப் போனது.

"தொடைச்சாச்சு" என்றார் லிப்ட்காரர், பெருமையாக.

அவள் மாண்டலினை வெளிச்சத்தில் சாய்த்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"மேல மட்டும் தொடைச்சா ஆச்சா? கம்பிக்கு அடிப்பக்கம் யாரு தொடைப்பா?"

அவர் துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். குறிப்பேட்டையும் பேனாவையும் கூட.