காலியாக விட்ட கட்டம்

கலிபோர்னியாவில் சான் ரமோனில் ஒரு சின்ன கம்பெனியில் அப்போது வேலை பார்த்தேன். பசிபிக்கில் ஒரு தீவைச் சுற்றி, உலகப் போரில் மூழ்கிய கப்பல்களும் விமானங்களும் கடலடியில் கிடக்கின்றன. அவற்றுக்கு ஆன்லைன் வரைபடம் செய்வது எங்கள் ப்ராஜெக்ட். ராணுவப் பதிவுகளிலிருந்து ஒரு பட்டியல் வந்தது, தீவுக்காரர்கள் சொல்லி எழுதியது இன்னொன்று. இரண்டையும் சேர்ப்பது என் பொறுப்பு.

தீவுக்காரர்கள் பட்டியலில் ஒரு வரியில் மட்டும் இடம் குறிக்கும் கட்டம் காலி. குண்டு விழுந்து மூழ்கிய படகு, உள்ளே ஐந்து பேர் என்று இருந்தது. இடம் இல்லாத வரியை எங்கள் சிஸ்டம் ஏற்காது. வெள்ளிக்கிழமை ரிவ்யூவுக்கு அனுப்பியாக வேண்டும். ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டேனா? பாழாய்ப்போன கெட்டிக்காரத்தனம்! காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. குறிப்பில் சொல்லியிருந்த பாறையையும் நீரோட்டத்தையும் வைத்துக் கணக்குப் போட்டேன். கடலடியை ஒலியால் எடுத்த பழைய சோனார் படத்தில் படகு மாதிரி ஒரு நிழல் தெரிந்தது. அதன் மேல் புள்ளி வைத்தேன். அன்று என்னை நானே மெச்சிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

திங்கட்கிழமை வீடியோ மீட்டிங்கில் தீவின் சார்பாக ஒரு பெண்மணி வந்தார். என் அம்மா வயதிருக்கும். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் புள்ளியில் நின்றார்.

"இதை யார் வைத்தது?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

நான்தான் என்றேன்.

"இடம் சரிதான். அந்தப் படகில் என் தாய்மாமன் இருக்கிறார். இடம் தெரியாமல் நாங்கள் காலியாக விடவில்லை. வெளியே தெரிந்தால் டைவர்கள் வருவார்கள், எலும்பைத் தொடுவார்கள்."

புள்ளியை உடனே அழித்தேன். அவசரத்தில் இரண்டு முறை வேறெதையோ அழுத்தினேன். பக்கத்தில் இருந்த மேனேஜர், சென்னைக்காரர், மைக்கை அணைத்தார்.

"டென்ஷன் ஆகாதீங்க. டெலீட் பண்ணியாச்சுல்ல? சாரி சொல்லிட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போயிடலாம்."

"வெள்ளிக்கிழமையே லிங்க் போயிடுச்சுங்க. ரிவ்யூ லிஸ்ட்ல டைவிங் டூர் நடத்தறவங்களும் இருக்காங்க."

"ஐயோ! ஓபன் பண்ணிட்டாங்களா, பாருங்க."

யார் யார் பார்த்தார்கள் என்று காட்டும் பதிவைத் திறக்க எடுத்த அந்தச் சில நொடிகளில் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுவிட்டேன். ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை காலையிலேயே டைவிங் டூர்காரர்கள் முழு வரைபடத்தையும் டவுன்லோட் செய்திருந்தார்கள்.

மேனேஜர் மைக்கைத் திரும்பப் போட்டார். "வேறு யாராவது பார்த்தார்களா?" என்று அந்த அம்மா கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்துவிட்டார்கள், டைவிங் கம்பெனி ஒன்று, என்னை மன்னியுங்கள் என்றேன்.

அவர் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இத்தனை வருஷம் அந்த இடத்துக்குக் காவல் தேவைப்படவில்லை. இனிமேல் எங்களில் யாராவது தினமும் படகில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்" என்றார்.