அட்டையில்லாத சிடி

குமரேசன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் கம்பெனி டிரைவர். நான் வேலை பார்க்கும் ஸ்டோருக்குள் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சொன்னார். சைட்டில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நான் கையிலிருந்த சாமானை எண்ணிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

இந்த அரபு நாட்டில், முவைலாவில் எங்கள் ரூமுக்கு வந்துபோன நண்பர்கள் உங்களுக்கெல்லாம் அவரைவிட அவர் போடும் பாட்டு நன்றாக ஞாபகம் இருக்கும். இத்தாலியப் பேய்ப் படங்களுக்கு அந்த ஊர் ராக் குழுக்கள் போட்ட இசை. இங்கே வருமுன் தம்மாமில் அவர் வேலை பார்த்தபோது, காண்டிராக்ட் முடிந்து ஊருக்குப் போன இத்தாலிய எஞ்சினியர் ஒருவர் ஒரு பெட்டி நிறைய சிடிகளைக் கொடுத்துவிட்டுப் போனாராம். மணிச்சத்தம் மாதிரி ஒன்று தனியாகத் தொடங்கும். பிறகு ஆர்கன் வந்து சேரும். திடீரென்று டிரம்ஸ் புகுந்து தாளத்தையே மாற்றிவிடும். ஒரு பாட்டு முடிவதற்குள் நாங்கள் சோறு வடித்துவிடுவோம். குமரேசன் கட்டில் கம்பியில் விரலால் தட்டி ஏழு ஏழாக எண்ணிக்கொண்டே வருவார். நடுவில் கணக்கை விட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

அந்தப் படங்களில் ஒன்று ஒருமுறை என் கையில் கிடைத்தது. அவருக்குப் பிடிக்குமென்று ஆசையாகக் கொண்டுவந்து போட்டேன். பெயர் போடுவதற்குள் மனிதர் எழுந்து வெளியே போய்விட்டார். அவ்வளவு பெரிய உடம்பு, பேய்ப் படம் என்றால் நடுக்கம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கத்தியும் ரத்தமுமாக இருந்த சிடி அட்டைகளைக் காட்டி, இதற்கு மட்டும் பயமில்லையா என்று சீண்டினேன். "அட்டைய விடும்வே. கண்ண மூடிக்கிட்டுக் கேளும்" என்றார். நான் ஒரு நாளும் கேட்கவில்லை. லீவு நாள் வெள்ளிக்கிழமையாவது தூங்க விடும் என்று சத்தம் போட்டதும் நான்தான். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் சிடி பிளேயரையும் போனையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

இங்கே ஒருவர் இறந்தால், அவருடைய சாமான்களை ஊருக்கு அனுப்புமுன் ரூமில் மூத்தவர் ஒரு முறை பார்த்துவிடுவது வழக்கம். வீட்டார் கண்ணில் படக்கூடாதது எதுவும் பெட்டியில் போய்விடக் கூடாது. அந்த வேலை எனக்கு வந்தது. சட்டைகள், பிள்ளைக்கு வாங்கிய பொம்மை, தைலம் எல்லாவற்றையும் அடுக்கினேன். அலறும் பெண்ணும் வெட்டுப்பட்ட கையுமாக இருந்த சிடிகளைக் கறுப்புப் பையில் கட்டிக் கீழே குப்பைத்தொட்டியில் போட்டேன். புருஷனைப் பறிகொடுத்தவள் இதையா பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்திகூட இருந்தது.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் அவர் மனைவி செல்வி போன் செய்தாள். பாட்டு சிடி ஒன்றையும் காணோமே என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "வெள்ளிக்கெழம போன்ல அதப் போட்டுவிடுவாக அண்ணாச்சி. பேச ஒண்ணுமில்லன்னா ரெண்டு பேரும் சும்மா கேட்டுக்கிட்டு இருப்போம்" என்றாள்.

ஏர்போர்ட்டில் அட்டையைப் பார்த்து அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

"நீங்க அவங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. அதுல பேயெல்லாம் ஒண்ணுமில்ல, வெறும் பாட்டுதான்னு."

உங்களில் யாராவது அவரிடம் சிடி இரவல் வாங்கியிருந்தால் தயவுசெய்து என்னிடம் கொடுங்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. எடை கூடிவிட்டதால் பெட்டியில் வைக்காமல் எடுத்துவைத்த அவருடைய பிளேயருக்குள் கிடந்தது. அட்டை இல்லாததால் என் கைக்குத் தப்பியது. போன வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முதல்முறையாக முழுவதும் கேட்டேன். அழுதேன்.

லீவில் போகும்போது பிளேயரையும் அதையும் செல்வியிடம் கொடுத்துவிடுவேன். பிடித்து வைத்த அதிகாரி நான்தான் என்றும் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு குமரேசனிடமிருந்து எனக்கு மிஞ்சப்போவது கட்டில் கம்பியில் அந்த ஏழு தட்டு மட்டும்தான். தட்டிப் பார்க்கிறேன். நானும் நடுவில் விட்டுவிடுகிறேன்; சிரிப்புத்தான் வரவில்லை.