தெற்குப் பக்கத்துச் சிவப்புத் தொப்பி

சிகாகோவில் முடி வெட்டிக்கொள்ளப் போனால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு குறைக்கலாம் என்பது அதற்கு அப்புறம்தான். "நார்த் சைடா, சவுத் சைடா?" என்று கேட்டார் முடிதிருத்தும் ஸ்டான். என் முகவரியை அவர் கேட்கவில்லை. அவர் கடையிலிருந்து மூன்றாவது தெருவில், நகரத்தின் தெற்குப் பக்கத்தில்தான் நான் குடியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். பேஸ்பாலில் நான் எந்த அணி என்பதே கேள்வி. பேஸ்பால், உருண்டைக் கட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி ஓடிவரும் ஆட்டம். இந்த ஒரே நகரத்தில் அதற்கு இரண்டு பெரிய அணிகள், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. வந்த புதிது. இரண்டுமே இந்த ஊர் அணிகள்தானே, இரண்டும் நன்றாக இருக்கட்டும் என்று மரியாதையாகச் சொன்னேன். கத்தரியின் சத்தம் நின்றது. கண்ணாடிக்குள் என் முகத்தைப் பார்த்து, "அப்படி ஒரு பக்கம் கிடையாது" என்றார் ஸ்டான்.

தெரியாத ஒன்று எதிர்ப்பட்டால் நூலகத்துக்குப் போய் அதன் வரலாற்றைத் தேடிப் படிப்பது என் பழக்கம். போனேன். இந்த நகரத்தில் மேடிசன் தெரு என்று ஒன்று உண்டு. வடக்கு, தெற்கு வீட்டு எண்கள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அணிப்பற்றும் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே பிரிகிறது. இரண்டு அணிகளும் வெவ்வேறு லீகுகளில், அதாவது தனித்தனிப் போட்டித் தொடர்களில், ஆடுகின்றன; லீகை வென்ற அணிகள் மட்டுமே ஆண்டு இறுதியில் பட்டத்துக்கு மோதும். ஆகவே பட்டத்துக்கான கணக்கில் இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பது அபூர்வம். சந்தித்தது ஒரே முறை, 1906 அக்டோபரில். அந்த ஆண்டு வடக்கு அணிதான் எல்லா விதத்திலும் வலுவானது, வென்றதோ தெற்கு. அடுத்த இரண்டு ஆண்டும், 1907இலும் 1908இலும், வடக்கு பட்டம் வென்றது. 1917இல் தெற்கு மறுபடி வென்றது. அதற்குப் பின், எழுபதுகள் பிறந்துவிட்ட இன்றுவரை, இரண்டுக்கும் பட்டம் இல்லை. இரண்டு பேரும் தோற்றுக்கொண்டேயிருக்கிற ஒரு பகை எப்படி இத்தனை காலம் சூடு ஆறாமல் இருக்கிறது என்று வியந்தேன். பழைய நாளிதழ்களைப் பார்த்து ஆண்டுகளைச் சரிபார்த்துக்கொண்டு, அடுத்த மாதம் ஸ்டானின் நாற்காலியில் உட்கார்ந்து 1906ஐச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். கடையில் காத்திருந்தவர்களிடம், இந்தியாவிலிருந்து வந்தவருக்குத் தெரிகிறது பாருங்கள் என்றார். 1959 செப்டம்பரில் தெற்கு அணி தன் லீகை வென்ற இரவில், அந்த அணியின் ரசிகரான தீயணைப்புத் தலைவர் நகரத்தின் அபாயச் சங்குகளை ஊதச் செய்ததையும், ரஷ்யக் குண்டு விழப்போகிறதென்று வடக்கே பல பேர் நிலவறைக்கு ஓடியதையும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சொன்னார். அத்துடன் நான் நிறுத்தியிருக்கலாம். நியாயமாக இருக்க வேண்டும் என்று, வடக்கு வென்ற 1908ஐயும் சொன்னேன். வரலாறு முழுவதும் தெரிந்தவனுக்குப் பக்கம் தேவையில்லை என்பது என் எண்ணம். ஸ்டானோ, வரலாறு தெரிந்தும் ஒருவன் பக்கம் எடுக்காமல் இருப்பதைச் சந்தேகத்தோடு பார்த்தார். உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்பா காஞ்சிபுரத்தில் இருந்தார், பேஸ்பால் என்ற சொல்லையே கேளாமல் காலமாகிவிட்டார் என்றேன். ஸ்டானின் முகம் மாறியது. அப்பா இறந்ததற்காக வருந்துகிறார் என்று நினைத்தேன். அவர் வருந்தியது வேறொன்றுக்கு என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது: "உங்கள் குழந்தைக்காவது ஒரு அணியைக் கொடுங்கள்."

எனக்குப் பகை புதிதல்ல. பெரிய காஞ்சிபுரமும் சின்ன காஞ்சிபுரமும் ஒரே ஊர் என்பது முனிசிபாலிட்டிக் கணக்கு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ரங்கசாமி குளத்தைத் தாண்டினால் தோசையின் கனம்கூட மாறிவிடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அறுபதுகளில் எங்கள் ஊரை ஆட்டிவைத்தது பால் பாட்மிண்டன். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். எங்கள் பெரிய காஞ்சிபுரத்து அணி சர்வதீர்த்தக் குளத்துப் பக்கம் ஆடும்; அவர்கள் செவிலிமேட்டுக்குப் போகும் வழியில் ஒரு திடலில் ஆடுவார்கள். காணும் பொங்கலன்று இரண்டும் மோதும். பட்டறைகளில் தறிகள் ஓய்ந்திருக்கும் நாள் என்பதால் நெசவாளிகள், அரிசி மண்டிக்காரர்கள், சுற்றுக் கிராமத்து விவசாயிகள் என்று கயிற்றைச் சுற்றி ஆள் நிற்க இடம் இருக்காது. எனக்கு ஆட வராது. எங்கள் பக்கத்துக்குப் புள்ளி எழுதுவேன். சின்ன காஞ்சிபுரத்தின் முன்வரிசையில் ஆடிய கோபால் பிற்பாடு என் மச்சானானார். அவர் தங்கை பத்மாவை நான் கட்டிக்கொண்டபோது, எதிரணி வீட்டில் பெண்ணெடுத்துவிட்டான் என்று என் கூட்டாளிகள் ஒரு வாரம் முறைத்தார்கள்.

கல்யாணமான பின் வந்த முதல் காணும் பொங்கலில் நாங்கள் வென்றோம். வீட்டுக்கு வந்ததும் என் அண்ணன் சமையற்கட்டு வாசலில் நின்று, "என்னம்மா, உங்கண்ணன் இன்னிக்கு மட்டையப் புடிச்சிக்கினு சும்மா நின்னுது. குளத்தத் தாண்டி வந்தா கை வராதா?" என்றார். பத்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "வரும் மாமா. தங்கச்சி வூட்டுல வந்து ஜெயிச்சா நல்லா இருக்காதுன்னு உட்டுக் குடுத்திருக்கும்" என்றாள். அண்ணனே சிரித்துவிட்டார். அன்று அவள் வைத்த பாயசத்தை எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தோம். சற்று நேரத்தில் கோபாலும் வந்து எங்களோடு உட்கார்ந்து குடித்தார். ஆடி முடித்தபின் ஒரே பந்தியில் உட்காரும் பகை அது. இங்கோ இரண்டு அணிகளும் மோதிக்கொள்வதே இல்லை என்பதால் சண்டை முழுவதும் ரசிகர்களின் கையில் இருக்கிறது. அவர்கள் ஒரே பந்தியில் உட்காருவதும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் "எந்தத் தெரு?" என்று ஒருவர் கேட்டால் அவர் தெருவை மட்டும் கேட்கவில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சிலருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிய பின் உள்ளே போக முடியாது. இங்கே "எந்தப் பக்கம்?" என்பதற்குள்ளும் எந்த மாதா கோயில், என்ன தோல் நிறம், அப்பாவுக்கு ஆலையில் வேலையா ஆபீசில் வேலையா என்பதெல்லாம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. விளையாட்டு அதன் மேல் போர்த்திய துணி.

இந்த ஆண்டு பங்குனிக் கடைசியில், ஒரே வாரத்தில், இரண்டு கேள்விகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஊரில் அண்ணன் பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறார். மாடியில் உனக்கென்று ஒரு அறை போடுவதா வேண்டாமா, மேஸ்திரி கேட்கிறார், உடனே சொல் என்று எழுதியிருந்தார். இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவோம் என்றுதான் புறப்பட்டோம். ஒவ்வொரு வருடமும் அதையே சொல்லிவருகிறோம்; அந்த இரண்டு வருடம் மட்டும் குறைவதே இல்லை. வேண்டாம் என்று எழுதினால் ஊரில் எனக்கு இடம் இல்லை என்று நானே சொன்னதாகும். போடுங்கள் என்றால், எப்போது வருகிறாய் என்ற கேள்வி அதன் பின்னாலேயே வரும்.

மறுநாள் மலர் பள்ளியிலிருந்து வந்தாள். எங்கள் மகள், இரண்டாம் வகுப்பு. பேஸ்பால் பருவம் தொடங்கும் நாளன்று பிள்ளைகள் தங்கள் அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வரலாமாம்.

"எல்லாரும் போட்டுக்கினு வருவாங்கப்பா. நாம எந்த டீமு?"

தாயிடம் கற்ற காஞ்சிபுரத் தமிழ் அது. இங்கு வந்ததிலிருந்து நான் எந்த அணியும் இல்லாதவனாக இருந்தது வெறும் நடுநிலை அல்ல என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. பெட்டியை முழுதாகப் பிரிக்காமல் வைத்திருப்பவனுடைய நிலை அது. ஒரு பக்கம் எடுத்துவிட்டால் இங்கே குடியேறிவிட்டோம் என்று ஆகிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தொப்பிக்கு என்ன யோசனை என்பதுபோல் மலர் பார்த்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது பத்மாவிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். தொப்பி வாங்கினால் அறை வேண்டாம் என்று எழுதுவதுதான் நேர்மை, அறை போடச் சொன்னால் தொப்பி வாங்குவது அர்த்தமில்லை என்று நீளமாக விளக்கினேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ரூமும் போடச் சொல்லுங்க. தொப்பியும் வாங்கிடலாம்."

"ரெண்டும் எப்படிச் சரியா வரும்?"

"ஏங்க, கல்யாணமாயி உங்க வூட்டுக்கு வந்தப்ப என்னை யாராவது கேட்டாங்களா, நீ எந்தப் பக்கம்னு? நீங்க ஜெயிச்சா பாயசம் வெச்சேன். நீங்க தோத்தா, எங்கண்ணன் இன்னிக்கு நல்லாத் தூங்கும்னு நெனச்சிக்கினேன். ரெண்டுல எதுவும் பொய் இல்லீங்க." ரசத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "உங்களுக்குத்தான் இது புதுசு" என்றாள்.

இந்த ஊரில் வேலை, சட்டம், பனி என்று எத்தனையோ விஷயங்களை அவளுக்கு விளக்கியிருக்கிறேன். இதை மட்டும் அவள் எனக்கு முன்பே, கடலைத் தாண்டாமல், ரங்கசாமி குளத்தைத் தாண்டியே கற்றிருந்தாள். அன்றே அண்ணனுக்கு எழுதினேன்: அறை போடுங்கள், ஜன்னல் கிழக்கே இருக்கட்டும், எப்போது வருவோம் என்று இப்போது சொல்ல முடியவில்லை. மறுநாள் சிவப்புத் தொப்பி வாங்கினோம். நாங்கள் இருப்பது தெற்கில். இந்த அணியின் தொப்பி இப்போது சிவப்பு. வடக்கு அணியின் நீலத் தொப்பிதான் அழகு என்றாள் மலர், ஆங்கிலத்தில். கடைக்காரர் அதைக் கேட்காதவர்போல் இருந்துவிட்டார்.

சனிக்கிழமை மூவரும் ஆட்டம் பார்க்கப் போனோம். வெயில் இருந்தது, சூடில்லை. பத்மா புடைவைக்கு மேல் கனத்த கோட்டு போட்டிருந்தாள். மலர் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளியில் கற்றதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் எங்கள் அணியின் ஆள் ஒருவர் பந்தை ஓங்கி அடித்தார். அது சுவரைத் தாண்டிவிடும் என்று கூட்டம் முழுவதும் எழுந்தது. எதிரணியின் ஆள் பின்பக்கமாகவே ஓடி, சுவரில் முதுகு மோதத் தாவி, கையை நீட்டிப் பந்தைப் பிடித்துவிட்டார். ஒரு பெருமூச்சு, பிறகு அமைதி. நான் கைதட்டினேன். எங்கள் ஊர்த் திடலில் அப்படி ஒரு பந்தை எடுத்தவர் யாராக இருந்தாலும் தட்டுவோம். கை தானாகப் போய்விட்டது. சுற்றிலும் தட்டியவன் நான் ஒருவன்தான். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, அவரு நம்ம ஆளு இல்லப்பா" என்றாள் மலர் மெதுவாக. இந்த நாட்டில் எதையாவது சுட்டி எங்கள் வீட்டில் ஒருவர் 'நம்ம' என்று சொன்னதை நான் கேட்டது அதுவே முதல்முறை. கையுறை போட்ட இரண்டு கைகளாலும் என் வலது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தக் கைக்குக் கதகதப்பாக இருந்தது. இடது கை, தட்டுவதற்கு இணை இல்லாமல், குளிர்காற்றில் விரிந்தபடியே இருந்தது.