மச்சானுக்குக் கட்டிய ரம்பம்

1. கட்டை பறந்தது

மில் ஓடிய முதல் நாளே கட்டை பறந்தது.

வேப்பங்கட்டை. இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கனம். ரம்பத்திலிருந்து எழும்பி, என் காதை உரசிக்கொண்டு போய், எனக்குப் பின்னால் இருந்த கீற்றுத் தட்டியைக் கிழித்து வெளியே விழுந்தது. அங்கே கட்டியிருந்த ஆடு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. நான் இன்ஜினை நிறுத்தினேன். சத்தம் அடங்கியதும் எதிரே பார்த்தேன். ரம்பத்துக்கு அந்தப் பக்கம் என் மச்சான் அடைக்கலம் இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றார். கையில் கட்டை இல்லை.

“மாப்ள, பட்டுருச்சா?”

“இல்ல மச்சான்.”

“காதத் தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தேன். “இருக்கு” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கையை மடக்கித் தோளில் கிடந்த துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு ராவுத்தர் ஓடி வந்தார். மரக்கடைக்காரர். கொட்டகையும் இடமும் அவருடையது. மிஷின் கட்டியது நான்.

“ஏன்யா சின்னக்கண்ணு, கட்டைய அறுக்கத்தான கொட்டகை போட்டுக் குடுத்தேன்? பறக்கவிடவா போட்டேன்?” என்றார். அப்புறம் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். “ஆளு முழுசா இருக்கியா? போதும். போயி மொதல்ல ஆட்டப் பிடி.”

2. மேலாள், கீழாள்

என் பட்டறைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள் பழைய மில்லைப் பற்றிக் கேட்கிறார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் அதிகம் கிடையாது. தெரிந்ததை எழுதுகிறேன்.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். ஊர் இலுப்பூர். புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். மில் கட்டுவதற்கு முன்னால் நானும் மச்சானும் கையறுப்பு வேலை பார்த்தோம். என் அக்காள் புருஷன் அவர். என்னைவிட மூத்தவர்.

கையறுப்புக்கு ஒரு குழி வேண்டும். குழியின் மேல் கட்டையைக் கிடத்தி, மேலே ஒருவன் நிற்பான், கீழே ஒருவன் நிற்பான். நடுவில் நீள ரம்பம். நான் மேலாள். மச்சான் கீழாள். கீழே இழுக்கும்போதுதான் ரம்பம் வெட்டும். மேலே போகும்போது வெட்டாது. அப்போது கீழாள் தன் பிடியைத் தளர்த்தி, ரம்பத்தைக் கட்டையிலிருந்து கொஞ்சம் விலக்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மேலாளின் தோள் போய்விடும். இழுப்பு, கொடுப்பு. நல்ல கீழாளைக் கொடுப்பில்தான் கண்டுபிடிக்கலாம். மச்சான் கொடுத்தால் எனக்கு ரம்பத்தின் கனமே தெரியாது.

ஆனால் தூள் முழுக்க அவர் மேல்தான் விழும். தலையில் துண்டைக் கட்டியிருந்தாலும் மூக்குக்குள் போகும். அவருக்கு இருமல் நிற்கவில்லை. மழை நாளில் குழியில் தண்ணீர் ஊறும். முழங்கால் வீங்கிவிட்டது. குழியிலிருந்து ஏறுவதற்கு நான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

குழி இல்லாமல் அறுக்க வேண்டும் என்றுதான் மிஷின் கட்ட நினைத்தேன். நான் முன்னே கொஞ்ச காலம் பஸ்ஸில் கிளீனராக இருந்தவன். இன்ஜின் பழக்கம் உண்டு. அன்னவாசல் சாலையில் ஒரு பஸ் ஓட்டத்துக்கு ஆகாமல் புளியமரத்தடியில் கிடந்தது. ராவுத்தர் பேசி வாங்கினார். இன்ஜினைக் கழற்றிக் கனத்த மரக்கட்டை மேல் உட்கார வைத்தேன். பெட்ரோல் கிடையாது. அதனால் கரியைப் புகைய விட்டு அந்தக் கேஸில் ஓட்டினேன். ரேடியேட்டர் ஓட்டை. பதிலுக்குத் தகர டிரம்மில் தண்ணீர் நிரப்பி இணைத்தேன். பின் ஆக்சில் ரம்பத்துக்கு ஷாப்ட் ஆனது. சக்கரத்தின் பேரிங்கே ஷாப்டுக்குப் பேரிங். பெல்ட் எருமைத்தோலில் தைத்தது. வட்ட ரம்பம் திருச்சியில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஒரு கீறல் இருந்தது. கீறல் முடிகிற இடத்தில் சின்ன ஓட்டை போட்டால் அது மேலே ஓடாது. போட்டேன். ஓடவில்லை.

எல்லாம் சரியாக இருந்தது. ஆளைத்தான் யோசிக்கவில்லை.

வட்ட ரம்பத்துக்கு முன்னால் நின்று கட்டையைத் தள்ளுகிறவன் ஒருவன். பின்னால் நின்று வாங்குகிறவன் ஒருவன். பின்னால் நிற்பவன் வாங்க மட்டும்தான் வேண்டும். திருப்பிக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் ரம்பத்தின் பின்பல் கட்டையைக் கவ்வித் தூக்கி முன்னால் நிற்பவன் மேல் எறியும். இதை நான் சொன்னேன். மச்சானும் கேட்டுக்கொண்டார். கட்டை பாதி வந்ததும் அவர் கை கொடுத்துவிட்டது.

குழியில் அது நல்ல வேலைக்காரன் செய்வது. இங்கே அது ஆளைக் கொல்வது.

3. கூப்புக்குப் போகிறேன் என்றார்

ரம்பத்துக்குப் பின்னால், கட்டை பின்பல்லைத் தொடாதபடி, ஓர் இரும்பு ஆப்பு வைத்தேன். கட்டை பறப்பது நின்றது. மச்சான் கை நிற்கவில்லை. ஒவ்வொரு கொடுப்புக்கும் கட்டை ஆப்பில் இடித்தது. பலகையில் வரி விழுந்தது. அவருக்கே அது தெரிந்தது. அறுப்பு நடுவில் என் முகத்தையே பார்ப்பார். பிறகு பயந்துபோய்க் கையை எடுத்துவிடுவார். அது இன்னும் ஆபத்து.

ராவுத்தர் ஒரு நாள் என்னைத் தனியாக இங்கிட்டு வா என்று கூப்பிட்டார்.

“ஒம் மச்சான் நல்ல மனுசன். இல்லைங்கல. ஆனா வேற ஆளப் போடு. அவர கடையில ஒக்கார வச்சுருவோம்.”

“ஒக்கார மாட்டாருங்க.”

“ஏன்? நான் ஒக்காந்திருக்கேன்ல?”

“நீங்க மொதலாளி.”

“அது சரி” என்றார். 

மச்சான் அதற்குள் வேறு முடிவு எடுத்திருந்தார். மலையில் மரம் வெட்டுகிற கூப்புக்கு ஆள் சேர்க்க ஒரு கங்காணி சந்தைக்கு வந்து போவான். வருகிற சந்தை அன்று லாரியில் ஏறுவதாக அவனிடம் சொல்லிவிட்டார். எனக்கு அக்காள் வந்து சொன்னாள்.

“தம்பி, நெஞ்சு நெறைய மரத்தூளு வச்சிருக்காக. மலைக் குளிரு தாங்குவாகளா? மலைக்காச்ச வந்து போனவுக எத்தன பேரு. நீ சொல்லேன்.”

சொன்னேன். மச்சான் பீடியைப் பற்ற வைக்காமல் விரலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இது கை, மாப்ள. மறன்னா மறக்குமா? ரம்பத்துக்கு நேரா நீ நிக்கிற. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்கக்கா மொகத்துல நான் எப்புடி முழிக்கிறது?”

“கடையில இருக்கலாம்னு ராவுத்தர் சொல்றாரு.”

“மரத்த விக்கிற எடத்துல எனக்கென்ன வேல?”

அவ்வளவுதான் பேச்சு. நானும் பேசுகிறவன் இல்லை, அவரும் இல்லை.

4. உலக்கை

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன். இழுப்பு, கொடுப்பு. தண்ணீர் இறைத்தாலும் அதே கைதான். அந்தக் கையை மாற்ற முடியாது. மாற்ற வேண்டியது மிஷின் என்று அப்போது தோன்றியது.

சுற்றுகிற ரம்பத்துக்குக் கொடுப்பு ஆகாது. ஏறி இறங்குகிற ரம்பத்துக்குக் கொடுப்புதான் வேண்டும். எங்கள் கைரம்பத்தையே ஒரு சட்டத்தில் மாட்டி, இன்ஜினை வைத்து ஏற்றி இறக்கினால் என்ன?

ராவுத்தரிடம் சொன்னேன்.

“மோட்டார் வாங்குனவன் மறுபடி மாட்டு வண்டி கட்டுன கதையா இருக்கே” என்றார்.

“மணமேல்குடிக்காரங்க படகுக்கு அகலப் பலகை கேட்டாங்கள்ல. வட்ட ரம்பத்துக்கு அம்புட்டுப் பெரிய கட்டை எட்டாது. இதுக்கு எட்டும்.”

அது உண்மை. வட்ட ரம்பம் தன்னில் பாதிக்கும் குறைவான கனம்தான் அறுக்கும். ராவுத்தர் தாடியைத் தடவினார்.

“இத மச்சானுக்காகச் செய்றியா, படகுக்காகச் செய்றியா?”

“ரெண்டுக்குந்தான்.”

“செய்யி. பழைய இரும்பு எதுவும் என்னையக் கேக்காம எடுத்துக்க.”

வைரம் பாய்ந்த பனை இரண்டை நட்டு, உள்பக்கம் காடி வெட்டினேன். ரம்பச் சட்டம் அந்தக் காடியில் ஏறி இறங்கும். காடிக்கு இலுப்பெண்ணெய். ரம்பம் விறைப்பாக நிற்க, பஸ்ஸின் ஸ்பிரிங் போல்ட்டை மேலும் கீழும் வைத்து முறுக்கினேன். கரும்பு ஆலையில் உடைந்து கிடந்த வார்ப்புச் சக்கரம் ஓட்டத்தைச் சீராக்குகிற பிளைவீல் ஆனது. நடுவிலிருந்து தள்ளி அதில் ஒரு முளை. சக்கரம் சுற்றினால் முளை மேலும் கீழும் போகும். முளையையும் சட்டத்தையும் இணைக்க ஒரு தண்டு வேண்டும். இரும்புத் தண்டு கனம், கிடைக்கவும் இல்லை. மரத்தில் வேண்டும். கணு இருக்கக்கூடாது. புது மரம் ஆகாது, வளையும்.

அக்காள் கஞ்சி கொண்டு வந்தவள் கேட்டாள், “என்ன தம்பி தேடுற?”

“நேரான கட்டை. நல்லா ஒணந்தது. அடி தாங்கணும்.”

அவள் திரும்பிப் போனாள். வரும்போது கையில் உலக்கை இருந்தது. கருங்காலி. அடியில் பூண் போட்டது. நெல் குத்தி நெல் குத்தி நடுவில் கைப்பிடி தேய்ந்திருந்தது.

“இது அடி தாங்காதா?”

“நீ எதுல குத்துவ?”

“அத நான் பாத்துக்கிறேன். அவுககிட்ட சொல்லாத.”

மேல்பக்கமும் ஒரு பூண் அடித்து உலக்கையை மாட்டினேன். மச்சான் அதற்குள் கொட்டகைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். சாலையோடு போகும்போது மட்டும் எட்டிப் பார்ப்பார்.

5. அவசரப்படுது

சந்தைக்கு முதல் நாள் ஓட்டிப் பார்த்தேன். வாகைக் கட்டை. தள்ளுவண்டியில் கிடத்தித் தண்டவாளம் போலப் போட்ட இரும்பில் நகர்த்தினேன். ரம்பம் படபடவென்று அடித்தது. பனங்கால் ஆடியது. மேலே போகும்போது பல் கட்டையில் இடித்து வண்டியையே பின்னால் தள்ளியது. 

வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. மச்சான்.

“மாப்ள, அவசரப்படுது” என்றார். “மூச்சு விட நேரம் குடுக்கல.”

பிறகு சட்டத்தைப் பார்த்தார். அதன் ஓரத்தில் உலக்கையைப் பார்த்தார். நடுவில் தேய்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.  துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

வேகத்தைக் குறைக்க, பெல்ட் ஓடுகிற புல்லி பெரிதாக வேண்டும். அவ்வளவு பெரிய புல்லி எங்கேயும் இல்லை. வெளியே ராவுத்தரின் மாட்டு வண்டி நின்றது. அச்சாணியைப் பிடுங்கினேன். மச்சான் வண்டியைத் தாங்கிக் கல் வைத்தார். சொல்லாமலே செய்தார். சக்கரத்தின் பட்டை மேல் தோல் சுற்றி ஷாப்டில் ஏற்றினோம். ராவுத்தர் வந்து ஒரு சக்கரம் இல்லாத வண்டியைப் பார்த்தார்.

“அல்லா! பழைய இரும்ப எடுக்கச் சொன்னா வண்டியவே அறுத்துட்டியா?”

“சக்கரத்த மட்டுந்தான்.”

“மாடு ரெண்டும் இருக்கா, அதுவும் உள்ள ஓடுதா?”

மச்சான் சிரித்தார். கட்டை பறந்ததற்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்முறை.

இன்ஜினைக் கிளப்பினேன். இந்த முறை ரம்பம் நிதானமாக ஏறி இறங்கியது. நான் முன்னால் நின்று தள்ளுவண்டியைத் தள்ளினேன். மச்சான் பின்னால் போய்க் கட்டை நுனியில் கை வைத்தார். நான் கூப்பிடவில்லை. ரம்பம் இறங்கும்போது இழுத்தார். ஏறும்போது கொடுத்தார். இடிப்பு நின்றது. கட்டை சீராக வந்தது. கொஞ்ச நேரத்தில் நான் தள்ளவே தேவைப்படவில்லை. கையை எடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். என் வேலையை மிஷின் எடுத்துக்கொண்டது. அவர் வேலை அவரிடமே இருந்தது.

பலகை விழுந்ததும் அவர் அதைத் தடவிப் பார்த்தார். தலையில் தூள் இல்லை. தரையில் நின்றார்.

“வரி இல்ல மாப்ள” என்றார்.

6. சந்தை நாள்

மறுநாள் காலையில் நானும் மச்சானும் கொட்டகையில் இருந்தோம். அக்காள் கஞ்சிச் சட்டியோடு வாசலில் நின்றாள். மச்சான் கட்டை நுனியைப் பிடித்திருந்தார். அறுப்பு பாதியில் இருந்தது. கங்காணி வந்தான்.

“அடைக்கலம்! பொறப்படலையா? லாரி நிக்கிது.”

இன்ஜின் சத்தத்தில் மச்சானுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் எழுந்திருப்பதற்குள் அக்காள் சொன்னாள்.

“அவுக வேலையில இருக்காக. அறுத்து முடிக்கட்டும்.”

“முடிய எம்புட்டு நேரமாகும்?”

அவள் கையை அங்கிட்டு நீட்டினாள். கொட்டகைக்கு வெளியே ராவுத்தர் வாங்கிப் போட்ட கட்டைகள் சாலை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன.

“அம்புட்டையும் அறுக்கணும்ல.”

கங்காணி அடுக்கைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். போய்விட்டான்.

அதற்குப் பிறகு இலுப்பூரிலும் வெளியிலும் பல பேருக்கு மில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் கிடைத்த சாமானில் கட்டியதுதான். ஒன்றைப் போல ஒன்று இருக்காது. இடம் காட்டி, இன்ஜின் காட்டி, எப்போது அஸ்திவாரக் கல் பதிக்கலாம் என்று கேட்பார்கள். இதில் நிற்கப் போகிற ஆளைக் கூட்டி வாருங்கள் என்பேன். அவனைக் கொஞ்ச நேரம் வேலை பார்க்க விட்டு, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம்தான் கயிறு பிடித்து அளப்பேன்.