துப்பாக்கி மணியும் என் கறுப்புத் தலையும்

போன வாரம் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த கருவி வழியாக என்னை நேராகப் பார்த்தாள். நான் சட்டென்று குனிந்துவிட்டேன். "என்ன சார், கழுத்து வலியா?" என்றாள். பழைய பழக்கம் என்று சொன்னால் கதை நீளும், வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நீங்கள் சாவகாசமாகத்தான் இருக்கிறீர்கள், உங்களிடம் சொல்லலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருந்தேன். பதவி கேட்க நன்றாக இருக்கும். உட்கார்ந்த இடம் கம்பிவலைக் கூண்டு. முதுகுப் பக்கம் சுவர், அதில் கம்பி போட்ட தாழ்வான ஜன்னல். மேசையில் பணம் இருக்கும்வரை எழுந்து போகக் கூடாது. சோசியக்காரரின் கிளியாவது சீட்டெடுக்க வெளியே வரும்.

கூண்டுக்கு நேர் எதிரே, வாசலோரம் ஸ்டூலில் காவலர் செல்லமுத்து அண்ணன். பட்டாளத்திலிருந்து வந்தவர், குரும்பலூர்க்காரர். மடியில் வங்கியின் இரட்டைக்குழல் துப்பாக்கி. தினமும் அதற்குத் தையல் மிஷின் எண்ணெய் போடுவார். இன்றைக்கும் வீட்டில் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டால் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

குழலின் நுனியில், குறிபார்ப்பதற்காக மிளகளவு மணி ஒன்று இருக்கும். அது ஒருநாள் கழன்று குப்பையோடு போய்விட்டது. வருடாந்திரச் சுடும் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் திருச்சிக்குப் போய்த் துப்பாக்கிக் கடையில் பித்தளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று எனத் தீப்பெட்டிக்குள் போட்டு வாங்கி வந்தார். கைக்குட்டை சுற்றிய குறடால் ஒரு மணியைத் திருகுவார். துப்பாக்கியைத் தோளில் வைப்பார். ஒரு கண்ணை மூடுவார். என் தலையைக் குறிபார்ப்பார். கழற்றிவிட்டு அடுத்த மணி. மறுபடியும் என் தலை.

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பக் கூடாதா?"

"காலித் துப்பாக்கி சார். நீங்க எண்ணுங்க."

பேப்பரில் படித்த துப்பாக்கி விபத்துகள் எல்லாமே காலித் துப்பாக்கியால் நடந்தவைதான். அப்போதுதான் அவருடைய தோட்டா பெல்ட்டைக் கவனித்தேன். ஒரு வளையம் காலி. அந்தத் தோட்டா எங்கே? ஓடலாமென்றால் கூண்டின் கதவு குழலைப் பார்த்துத்தான் திறக்கும்.

மேசைக்கு அடியில் போய்விட்டேன். எறையூர் ஆலைக்குக் கரும்பு போடுகிற விவசாயி ஒருவர் கவுண்டரில் நின்றிருந்தார். வலைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி, காசு விழுந்துருச்சா?"

"ஆமாங்க."

"நானும் வந்து தேடவா?"

"வேணாங்க. நீங்க அங்கயே நில்லுங்க. நகராம நில்லுங்க."

நல்ல அகலமான மனிதர். அந்த நேரத்தில் எனக்கிருந்த ஒரே மதில் அவர்தான்.

அடியிலிருந்தபடியே கேட்டேன். "அண்ணே, பெல்ட்டுல ஒண்ணைக் காணோமே?"

"அதுவா? மழையில ஊறி வீங்கிப்போச்சு சார். வெயில்ல காயட்டும்னு உங்க ஜன்னல்ல வச்சிருக்கேன்."

திரும்பிப் பார்த்தேன். நான் பயந்து பயந்து பின்னால் நகர்ந்ததில், என் பிடரிக்குச் சாண் தூரத்தில் அது சிவப்பாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

மதியம் கூட்டம் குறைந்ததும் அண்ணன் வலையோரம் வந்து குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க சார். வலது கண்ணுல புரை. பித்தளை மணி கலங்கலாத் தெரியுது. சிவப்பு தெரியவே இல்ல. வெள்ளை மட்டுந்தான் தெரியுது, அதுவும் பின்னாடி கறுப்பா ஏதாச்சும் இருந்தா. இந்த பாங்குல பூராவும் சுண்ணாம்புச் சுவரு. உங்க தலை ஒண்ணுதான் கறுப்பு."

"ஆபரேஷன் பண்ணிக்கலாமே?"

"தை மாசம் வரச் சொல்லிருக்காங்க. பரீட்சை அதுக்கு முன்னாடியே வருது. தவறிட்டா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்குது சார்."

கூண்டுக்குள் இன்னொரு கூண்டு. மேலாளரிடம் சொன்னால் ஒரு குடும்பம் தடுமாறும். சொல்லாவிட்டால், கண் தெரியாத ஆள் துப்பாக்கியோடு எனக்குக் காவல். எழுந்து போகவும் முடியாது. "வெள்ளையையே போடுங்கண்ணே" என்றேன். பரீட்சை வரைக்கும் என் தலை அவருடையது. "கொஞ்சம் நிமிந்து உக்காருங்க சார்" என்பார். நிமிர்ந்து உட்கார்ந்து நோட்டு எண்ணினேன்.

பரீட்சை ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு பழைய கல்குவாரியில். மேலாளருக்குக் காய்ச்சல், வங்கி சார்பில் சாட்சியாக நிற்க என்னை அனுப்பினார்கள். பார்த்தால் பலகையில் வெள்ளைத் தாள். பின்னால் வெள்ளைப் பாறை. அண்ணன் துப்பாக்கியைத் தூக்கினார், இறக்கினார். மறுபடி தூக்கினார். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எங்கள் வங்கி ஆட்களின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு கார்பன் தாள் மடித்துக் கிடக்கும். பரீட்சை நடத்த வந்த அதிகாரியிடம், "நடுவுல இதை ஒட்டினா ஓட்டை எண்ண வசதியா இருக்குமே சார்" என்றேன். அவர், "என்னமோ பண்ணுங்க, வெயில் ஏறுது" என்றார். பலகைவரை வீராப்பாக நடந்து, ஒட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அண்ணன் கையில் நிஜத் தோட்டா போட்ட துப்பாக்கி. அவர் கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு அந்த இடத்தில் இரண்டு.

"அண்ணே, நான் வந்துடறேன்."

"வாங்க சார். அவசரமில்ல, பொறுமையா வாங்க."

பொறுமையாகவா? செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன். அதிகாரி சிரித்து முடித்ததும் அண்ணன் சுட்டார். திரும்பிப் பார்த்தபோது கார்பன் தாள் காக்கை இறகுபோலத் துண்டு துண்டாகப் பறந்துகொண்டிருந்தது.

தை மாதம் ஆபரேஷன் முடிந்து வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் என்னையே பார்த்தார். "உங்க மூஞ்சி இவ்வளவு பயந்த மூஞ்சின்னு இன்னிக்குத்தான் சார் தெரியுது" என்றார்.

அவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. துப்பாக்கியைக் கோணியில் சுற்றித் திருச்சிக்கு எடுத்துப் போனார்கள். போன மாதம் அந்தக் கிளைக்குப் போயிருந்தேன். கம்பிவலை இல்லை, கண்ணாடித் தடுப்புகூட இல்லை. காசாளர் ஒரு சின்னப் பெண். வேலைக்கு நடுவே சாவகாசமாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். வாசலைப் பார்த்தேன். ஸ்டூல் இல்லை, யாருமில்லை. எனக்கு என்னவோ அவளுக்காகப் பயமாக இருந்தது.