தனலெட்சுமி டீச்சரின் புதன்கிழமைச் செய்தி

பகாவ் பட்டணத்திலிருந்து எண்ணெய்ச் செம்பனைக் காட்டுக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் அந்தத் தோட்டப் பள்ளி வரும். மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். பிள்ளைகள் குறைந்துபோனதால் ஐந்தாம் ஆண்டு வகுப்பையும் ஆறாம் ஆண்டு வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த அறைக்கு ஆசிரியை தனலெட்சுமி. வயது ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடமாக அதே பள்ளி, அதே வாகனக் கொட்டகை.

அவர் ஆசிரியையாக வேண்டும் என்று ஆசைப்பட்டவரே இல்லை. இளம் வயதில் வானொலியில் செய்தி வாசிக்க வேண்டும் என்பதுதான் கனவு. கோலாலம்பூருக்குப் போய்க் குரல் தேர்வும் கொடுத்தார். குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆள் எடுத்தாயிற்று என்று அனுப்பிவிட்டார்கள். சரி, வேலை போனால் போகட்டும், குரல் எங்கே போகப்போகிறது? அதை அவர் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்.

புதன்கிழமை வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அன்றைக்குக் கருத்துணர்தல் பாடம், அதாவது படித்துப் புரிந்துகொண்டு விடை எழுதும் பாடம். டீச்சர் நாளிதழிலிருந்து ஒரு செய்தியை வெட்டி, நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பார். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்று, “வணக்கம். செய்திகள் வாசிப்பது தனலெட்சுமி” என்று ஆரம்பிப்பார். ரெம்பாவில் தாப்பிர் என்ற காட்டு விலங்கு சாலையைக் கடந்ததாக இருந்தாலும் சரி, மந்தினில் மரம் விழுந்ததாக இருந்தாலும் சரி, அவர் வாசித்தால் உலகமே நின்று கேட்கிற செய்தியாகிவிடும். கேள்விகளையும் அவரே வாசிப்பார். அந்தச் செய்தியில் வரும் எண்களை வைத்து வகுத்தல் கணக்கு ஒன்று போடுவார், அதையும் அவரே வாசிப்பார். சோதனைத் தாளைக்கூட முழுதாக வாசித்துக் காட்டிய பிறகுதான் எழுதச் சொல்வார். ஒரு முறை மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுக் கைதட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும், டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அதிகாரிகள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எழுந்து பதில் சொன்னவள் ரதி. நர்சரியில் செம்பனைக் கன்றுக்குத் தண்ணீர் விடும் பஞ்சாலை என்பவளின் ஒரே மகள். எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் மனத்துக்குள்ளேயே வகுத்து, மீதியோடு சொல்லிவிடுவாள். நான்காம் ஆண்டிலிருந்தே அவளுக்குத் தமிழ் எடுத்து, வாசிப்பில் மூன்று வருடமாக ஆறுக்கு ஐந்து என்று அவளுடைய அடைவுநிலையைப் பதிந்தவர் தனலெட்சுமிதான். மலாய்ப் பாடத்தில் அவள் திணறினாள். தோட்டத்துப் பிள்ளைக்கு மலாய் மெதுவாகத்தான் வரும் என்று மலாய் ஆசிரியை விட்டுவிட்டார். ஆறாம் ஆண்டுக்குப் பெரிய அரசாங்கப் பரீட்சையும் இப்போது கிடையாது. ஆகவே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

போன ஆண்டு, பள்ளி முடிய ஆறு வாரம் இருக்கும்போது, டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கோயில் திருவிழாவில் இரண்டு நாள் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு விடாமல் அறிவிப்புச் செய்ததற்குக் கிடைத்த பலன். புதன்கிழமை சத்தமே வரவில்லை. தாளைக் கொடுத்து, நீங்களே படித்து எழுதுங்கள் என்று கையால் காட்டினார்.

வெள்ளம் பற்றிய செய்தி அது. நிவாரண மையமான ஒரு பள்ளியில் 312 பேரை 24 வகுப்பறைகளில் சமமாகத் தங்கவைத்தால் ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பது கணக்கு. ரதி 336 என்று எழுதியிருந்தாள். கூட்டி வைத்திருந்தாள். டீச்சருக்குக் கோபம் வந்தது. விளையாடுகிறாளா? கருத்துணர்தல் விடைகளைப் பார்த்தார். முதல் கேள்விக்குச் செய்தியின் முதல் வரி, இரண்டாம் கேள்விக்கு இரண்டாம் வரி, மூன்றாவதற்கு மூன்றாம் வரி. ஓர் எழுத்துப் பிசகாமல், முத்து முத்தாக வரைந்து வைத்திருந்தாள்.

பிள்ளைகள் ஓய்வுக்குப் போனதும் டீச்சர் அவளை அழைத்துத் தலைப்பில் விரலை வைத்தார். வெள்ளம் என்ற ஒரே சொல்.

“படி,” என்றார் கரகரத்த குரலில்.

ரதி தாளைப் பார்க்கவில்லை. டீச்சரின் வாயைப் பார்த்தாள்.

“டீச்சர், நீங்க ஒரு வாட்டி படிங்க. அப்புறம் நான் படிக்கிறேன்.”

தனலெட்சுமி தாளை மடக்கி வைத்தார். மூன்று வருடமாக இந்தப் பிள்ளை படிக்கவே இல்லை, கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். பக்கத்திலிருப்பவளைப் பார்த்து எழுதியிருக்கிறாள். அவள் படிப்பதற்கு ஒரு நிமிடம்கூட இடம் கொடுக்காமல், அந்த இடம் முழுவதும் தானே பேசித் தீர்த்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அப்போதாவது உடனே பஞ்சாலையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தலைமையாசிரியர் சசிதரனிடம் போனார்.

“ஆறு வாரந்தானே டீச்சர். இடைநிலைப்பள்ளில ஃபார்ம் ஒன் போனா அங்க பாத்துக்குவாங்க லா,” என்றார் சசிதரன். “இப்ப அவ அடைவுநிலை ஃபைல மாத்தினீங்கன்னா மூணு வருஷத்துக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். யோசிச்சுக்குங்க.”

டீச்சர் யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. ஆறு வாரத்தில் தானே சொல்லிக்கொடுத்து ஒப்பேற்றிவிடலாம், ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தார். கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சிறப்பு வகுப்பு என்று பஞ்சாலைக்குச் சொல்லி அனுப்பினார். பள்ளி விட்டதும் அரை மணி நேரம். வேன்காரர் ஹாரன் அடிக்கும்வரை பாடம். ரதி பாவம், உயிரைக் கொடுத்துப் படித்தாள். ஆறாவது வாரத்தில் மரம், பால், படம் என்று சின்னச் சொற்களைப் படித்தாள். அதற்குமேல் நீண்டால் டீச்சரின் முகத்தைப் பார்த்து ஊகித்தாள். ஆறு வருடத்துப் பாடத்தை ஆறு வாரத்தில் அடைக்க யாரால் முடியும்?

அவள் போகவிருந்த இடைநிலைப்பள்ளியில் வாசிப்பில் பின்தங்கியவர்களுக்குத் தனி வகுப்பு இருந்தது. பழைய பள்ளியின் அறிக்கையும் தாயின் கையெழுத்தும் இருந்தால்தான் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் ரதி முப்பத்தைந்து பேரில் ஒருத்தியாகப் பின்பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று வருடத்தில் நின்றுவிடுவாள். அப்படி நின்ற பிள்ளைகளைத் தனலெட்சுமி பகாவ் கடைகளில் வேலைக்கு நிற்கப் பார்த்திருக்கிறார். ஓர் இரவு தூங்காமல் கிடந்து, உண்மையை அறிக்கையாக எழுதினார். சசிதரன் முத்திரை குத்திக் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் டீச்சர், ரதி குடியிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் போனார்.

பஞ்சாலை பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள்.

“டீச்சர் எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க, நம்பவே முடியல. இவ என்ன செய்வா தெரியுமா? புதன்கிழம ராத்திரியானா பேப்பர கையில வச்சுக்கிட்டு நியூஸ் படிப்பா. பக்கத்து வீட்டு ஆளுங்கெல்லாம் வந்து உக்காந்திருவாங்க. எனக்கு எழுத்து வாசன கெடையாதுல்ல. அவ படிச்சாத்தான் எனக்கு நாட்டு நடப்பு தெரியும். ஏய் ரதி, டீச்சருக்குப் படிச்சுக் காட்டு.”

ரதி நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“என்ன வெக்கம்? டீச்சர் மாதிரியே படிப்பா, டீச்சர்!”

“வேணாம் பஞ்சாலை. உக்காரும்மா. ஒரு விஷயம் சொல்லணும்,” என்றார் தனலெட்சுமி.

சொன்னார். சுற்றி வளைக்காமல், எதையும் மறைக்காமல் சொன்னார். ரதிக்குப் படிக்க வராது என்றார், அது தெரிந்தும் ஆறு வாரம் ஒளித்ததையும் சொன்னார். சிறப்பு வகுப்பு என்றது பொய் என்றார். பஞ்சாலையின் முகம் சிவந்துகொண்டே வந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தார் டீச்சர். திட்டட்டும், அதைக் கேட்கத்தான் வந்தோம் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

பஞ்சாலை மகள் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி, மூணு வருஷமா டீச்சரயே ஏமாத்தியிருக்கியே! அவங்க தொண்ட கிழியப் படிச்சுப் படிச்சுக் குடுத்தாங்களே, அவங்க பேரக் கெடுத்துட்டியேடி!”

“இல்ல பஞ்சாலை, அவ ஏமாத்தல. தப்பு என்னோடது. நாந்தான் அவளப் படிக்கவே விடல.”

“நீங்க பெரிய மனசுக்காரங்க டீச்சர், அப்படித்தான் சொல்லுவீங்க. எங்க கையெழுத்து போடணும்? காட்டுங்க.”

அவளுக்குத் தெரிந்த எழுத்து அவளுடைய பெயர் மட்டும்தான். அதை நிதானமாக, படம் வரைவது போல வரைந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ரதி விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். “சாரி டீச்சர். இனிமே ஏமாத்த மாட்டேன் டீச்சர்,” என்று காலில் விழுந்தாள். டீச்சர் பதறி அவளைத் தூக்கி, நீ ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்றார். திரும்பவும் சொன்னார். பிள்ளை நம்பவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

“மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர்,” என்றாள் பஞ்சாலை கைகூப்பி. “இல்லாட்டி இவ நாள் பூரா அழுவா.”

தனலெட்சுமி வாயைத் திறந்தார். ரதி கண்ணீரோடு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மன்னிச்சிட்டேன்,” என்றார் டீச்சர்.

பிள்ளை உடனே அழுகையை நிறுத்திவிட்டது.