வேனில் ஒட்டிய முருகன் படம்

மெரிலேண்ட்ஸில் ஏசி பொருத்தும் கான்ட்ராக்டர் தணிகாசலத்துக்கு, 2004இல் ஆஸ்திரேலிய வரி அலுவலகத்திலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. வேன் செலவில் தொழிலுக்கானது எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். அவருடைய கணக்காளரான என்னிடம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஆடிட் இன்சூரன்ஸ் எடுத்திருக்கேனே மேடம். வரி போட்டா அவங்க கட்டிடுவாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பாலிசியைப் படிச்சீங்களா? விசாரணைக்குப் பதில் எழுதுற என் ஃபீஸை மட்டும்தான் தருவாங்க. வரியும் அபராதமும் உங்க தலையிலதான்."

அவர் முகம் வெளிறியது. மறுநாள் வேனின் லாக்புக்கைக் கொண்டுவந்தார். முழுக்கத் தமிழ்! தலையில் அடித்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

'கோயில். சொந்த ஓட்டம்.' 'குவேக்கர்ஸ் ஹில் வேலை. வழியில் மச்சான் வீட்டில் காபி, நாலு கிலோமீட்டர் சொந்தம்.'

"காபியைக்கூடவா எழுதுவீங்க?"

"வேன்ல முருகன் படம் ஒட்டியிருக்கேன் மேடம். அவர் முன்னாடி பொய் எழுத முடியுமா?"

மூன்றே வாரத்தில் விசாரணை முடிந்தது. கூடுதல் வரி ஒரு சென்ட்கூட இல்லை. மொழிபெயர்த்த என் ஃபீஸை இன்சூரன்ஸ் கொடுத்தது. தணிகாசலம் நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

"அடுத்த வருஷமும் இன்சூரன்ஸ் போடணுமா மேடம்?"

"போடுங்க. ஆனா அந்தப் படத்தை மட்டும் எடுத்துடாதீங்க."